கை இருந்த இடமா, கண் இருந்த இடமா?

பிராங்க்பர்ட் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் வழங்கிய தீர்ப்பு ஒன்று சட்டக்காரர்களைவிடத் தத்துவக்காரர்களை அதிகம் உறுத்தியிருக்க வேண்டும். வழக்குப் போட்டது எஸ். ஃபிஷர் என்ற பழைய ஜெர்மன் பதிப்பகம். எதிர்த்தரப்பு, அமெரிக்காவில் இயங்கும் இலாப நோக்கற்ற மின்னூலகமான புராஜெக்ட் குட்டன்பர்க். தாமஸ் மன், அவருடைய அண்ணன் ஹைன்ரிஷ் மன், ஆல்ஃபிரெட் டோப்ளின் ஆகிய மூவரின் 18 நூல்களை அந்த நூலகம் இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. 1923-க்கு முன் வெளியான நூல்கள் என்பதால் அமெரிக்கச் சட்டப்படி அவை எவருடைய உடைமையும் அல்ல. யாரும் ஏற்றலாம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஜெர்மன் சட்டமோ ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் உரிமையைக் காக்கிறது. ஹைன்ரிஷ் மன் 1950-லும், தாமஸ் மன் 1955-லும், டோப்ளின் 1957-லும் மறைந்தவர்கள். அமெரிக்காவில் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினார். அங்கே அது அறச்செயல், ஜெர்மனியில் அது உரிமை மீறல். செயல் ஒன்றுதான், விரல் ஒன்றுதான், அழுத்திய கணமும் ஒன்றுதான். நூலகத்தின் சில பக்கங்கள் ஜெர்மன் மொழியில் இருப்பதையும், நூல்களே ஜெர்மன் என்பதையும் சுட்டிக்காட்டி, இது ஜெர்மானியரையும் நோக்கியதுதான் என்று நீதிமன்றம் முடிவு கட்டியது. ஜெர்மனியில் அந்த 18 நூல்களும் கிடைக்கக் கூடாது என்றது. நூலகம் 18 நூல்களோடு நிற்கவில்லை. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட தன் வாசல் முழுவதையுமே ஜெர்மனிக்கு அடைத்துவிட்டது. 2021-ல் சமரசம் ஏற்படும்வரை அந்த அடைப்பு நீடித்தது.

ஒரே செயல் ஒரே நேரத்தில் சரியாகவும் தவறாகவும் இருக்க முடியுமா என்ற கேள்வி இணையத்தோடு பிறந்ததன்று. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் நிலம் பல அரசுகளாகச் சிதறிக் கிடந்தது. லைப்சிக் பதிப்பாளர்கள் பணம் கொடுத்து வெளியிட்ட நூல்களை வியன்னாவில் டிராட்னர் என்ற அச்சக முதலாளி அரசியின் ஆசியோடு மறுஅச்சடித்து மலிவாக விற்றார். லைப்சிக்கில் அவர் திருடர், வியன்னாவில் கல்விக்குத் தொண்டு செய்தவர். இப்படி மறுஅச்சிடுவது ஏன் தவறு என்று விளக்க இம்மானுவேல் கான்ட் 1785-ல் ஒரு கட்டுரையே எழுதினார். நூல் என்பது வெறும் பண்டம் அன்று, ஆசிரியர் மக்களை நோக்கிப் பேசும் பேச்சு; பதிப்பாளர் அவர் பெயரால் பேச அனுமதி பெற்றவர்; அனுமதி பெறாமல் அச்சிடுபவர் பிறர் பெயரால் பேசுகிறார் என்பது அவர் வாதம். கான்ட் எழுதியதில் எனக்கு இங்கே பயன்படுவது அந்த ‘நோக்கி’ என்பதுதான். பேச்சு என்றால் கேட்பவர் உண்டு. யாரை நோக்கிப் பேசினோம் என்பது பேச்சின் ஒரு பகுதி. டிராட்னர் காலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. அச்சடித்த நூல் எல்லை தாண்ட வேண்டுமானால் ஒரு வண்டியும் ஒரு வண்டிக்காரரும் வேண்டும். சுங்கச்சாவடியில் பிடிபடுவது அவர். இணையம் அந்த வண்டிக்காரரை எடுத்துவிட்டது. பிராங்க்பர்ட்டில் இருக்கும் வாசகர் தானே போய் எடுத்துவருகிறார். அப்படியானால் எல்லை தாண்டியது யார்?

செயல் எங்கே நடந்தது என்று கேட்டால், நடந்த இடத்தில் நடந்தது என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். சட்டம் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடவில்லை. வட கரோலினாவில் நின்றுகொண்டு எல்லைக்கு அப்பால் டென்னசியில் இருந்தவரைச் சுட்டுக் கொன்றவர்களை வட கரோலினா உச்ச நீதிமன்றம் 1894-ல் தன் மாநிலத்தில் கொலைக்கு விசாரிக்க முடியாது என்று விட்டது. குண்டு பாய்ந்த இடத்தில்தான் கொலை என்றது. 1926-ல் ‘லோட்டஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் துருக்கியக் கப்பல் ஒன்றின்மீது மோதி எட்டுப் பேர் இறந்தபோது, பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி விசாரிக்கலாமா என்ற கேள்வி பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது. விளைவு துருக்கியக் கப்பலில் நேர்ந்ததால் விசாரிக்கலாம் என்றது தீர்ப்பு. நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்து தலைவரின் வாக்கால் தீர்ந்த வழக்கு அது. உண்மைகளில் எந்தச் சண்டையும் இல்லை. எந்தக் கப்பல் எங்கே இருந்தது, யார் சுக்கானைப் பிடித்திருந்தார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அத்தனையும் தெரிந்த பிறகும் ‘எங்கே’ என்பது தீரவில்லை. ஏனென்றால் அது வரைபடத்தில் தேடிக் கண்டெடுக்கும் தகவல் அன்று. யாருக்கு யார் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி, இடத்தைப் பற்றிய கேள்வியாக வேடம் போட்டு நிற்கிறது.

இந்தியச் சமயங்கள் இதே கேள்வியை வேடமில்லாமல் கேட்டிருக்கின்றன. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் சமணரான நிகண்டருக்கும் புத்தருக்கும் இடையிலான வேறுபாடு தெளிவாக வருகிறது. உடலால் செய்யும் தீமையே கனமானது என்பது நிகண்டர் கட்சி. மனத்தால் செய்வதே கனமானது என்பது புத்தர் கட்சி. கால் பட்டுப் பூச்சி இறந்தால், மிதிக்க எண்ணாதவருக்கும் வினை ஒட்டுமா என்பதுதான் அடியில் ஓடும் பிரச்சினை. விளைவைக் கொண்டு செயலை அளப்பதா, எண்ணத்தைக் கொண்டு அளப்பதா? எல்லை தாண்டிய பதிப்புரிமை வழக்குகளில் நீதிமன்றங்கள் இன்று கைக்கொள்ளும் இரண்டு சோதனைகளும் இந்த இரண்டு கட்சிகளே என்று எனக்குப் படுகிறது. இரண்டையும் ஒரே வேலைக்குப் போட்டியாக நிறுத்துவதால்தான் குழப்பம் வருகிறது. நீதிமன்றம் செய்வது இரண்டு வேலைகள். ஒன்று, நடப்பதை நிறுத்துவது. மற்றது, செய்தவரைப் பழிப்பது, அதாவது தவறிழைத்தவர் என்று அறிவித்து இழப்பீடு கட்ட வைப்பது. முதல் வேலைக்கு விளைவு போதும்; இரண்டாவதற்கு நோக்கம் வேண்டும். இவ்வளவுதான் நான் சொல்ல வருவது. ஆனால் இதைச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது, எதிர்வாதங்கள் வலுவானவை.

முதலில் விளைவின் கட்சி. ஐரோப்பிய நீதிமன்றத்தில் இதன் மூலவேர் ஒரு நதி. பிரான்சின் அல்சாஸ் பொட்டாஷ் சுரங்கங்கள் ரைன் நதியில் உப்புக் கழிவைக் கொட்டின; கீழே நெதர்லாந்தில் நாற்றங்கால் வைத்திருந்தவர்களின் பயிர் கெட்டது. கழிவு கொட்டிய இடத்திலும் வழக்குப் போடலாம், கேடு விளைந்த இடத்திலும் போடலாம் என்று 1976-ல் தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்பு. நதி ஒரு பக்கமாகத்தான் ஓடும். கொட்டுபவருக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். இந்த விதியை நீதிமன்றம் இணையத்துக்கும் நீட்டியது. துலூஸ் நகரில் வாழ்ந்த பிங்க்னி என்பவர், தாம் இயற்றிய 12 பாடல்களை ஆஸ்திரிய நிறுவனம் ஒன்று குறுந்தகடாக அடிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்கள் இணையத்தில் விற்றதாக வழக்குத் தொடுத்தார். அந்தத் தளம் பிரான்சில் திறக்கிறது என்பதே பிரெஞ்சு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரப் போதும் என்று 2013-ல் முடிவானது. 2015-ல் ஹெய்டுக் வழக்கில், ஓர் ஆஸ்திரியப் புகைப்படக் கலைஞரின் கட்டடப் படங்கள் ஜெர்மன் நிறுவனத்தின் ஜெர்மன் முகவரித் தளத்தில் இருந்தன. தளம் ஆஸ்திரியரை நோக்கியதல்ல என்பது எதிர்த்தரப்பின் வாதம். வியன்னாவில் திறந்து பார்க்க முடிகிறதா, முடிகிறது. அப்படியானால் வியன்னா விசாரிக்கலாம் என்றது நீதிமன்றம். அதற்கு ஆலோசனை கூறிய தலைமை வழக்குரைஞர் குருஸ் வில்லலோன், இப்படி இடம் சுட்ட முடியாத கேட்டுக்கு, செயலைத் தொடங்கிய நாட்டின் நீதிமன்றமே உரியது என்று சொல்லிப் பார்த்தார், நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் ஒரு கடிவாளம் போட்டது. தன் நாட்டுக்குள் நேர்ந்த இழப்பை மட்டுமே அந்த நீதிமன்றம் கணக்கிடலாம்.

கடிவாளம் நல்லது, குதிரைதான் தவறானது. ஒரு புகைப்படம் ஜெர்மன் தளத்தில் இருந்ததால் ஆஸ்திரியாவுக்குள் மட்டும் நேர்ந்த இழப்பு எவ்வளவு என்று எந்த நீதிபதி நாணயமாகக் கணக்குப் பார்ப்பார்? இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பதிப்புரிமைக்கான பெர்ன் ஒப்பந்தத்தில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன; பாதுகாப்பு எங்கே கோரப்படுகிறதோ அந்த நாட்டின் சட்டமே அங்கே செல்லும் என்பது அதன் அடிப்படை. திறந்தால் போதும் என்ற விதியை இதோடு சேர்த்துப் பாருங்கள். இணையத்தில் ஒரு நூலை ஏற்றும் எவரும் 180 சட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டவர் ஆகிறார். நடைமுறையில் இதன் பொருள், எந்த நாட்டின் சட்டம் மிகக் கடுமையோ அதுவே உலகத்தின் சட்டம். இதற்கு எங்கோ போக வேண்டாம். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள், இலங்கையில் 70. யாழ்ப்பாணத்து எழுத்தாளர் ஒருவரின் நூல் சென்னையில் எல்லாருக்கும் பொதுவான பிறகும், அவர் பிறந்த ஊரில் பத்தாண்டுகள் காவலில் இருக்கும். சென்னையில் இருந்து அதை ஏற்றும் தன்னார்வலர் தம் நாட்டுச் சட்டத்தை ஓர் எழுத்தும் மீறவில்லை. அவரைத் தவறிழைத்தவர் என்று அழைக்க, தளம் கொழும்பில் திறக்கிறது என்பது போதுமா?

நோக்கத்தின் கட்சி இங்கேதான் வருகிறது. ஜீவக சுத்தத்தில் மருத்துவர் ஜீவகர் புலால் பற்றிக் கேட்கும்போது புத்தர் மூன்று விலக்குகளைச் சொல்கிறார். இந்த உயிர் உனக்காகக் கொல்லப்பட்டது என்று நீ கண்டிருந்தால், கேட்டிருந்தால், ஐயுற்றிருந்தால் உண்ணாதே. இம்மூன்றும் இல்லையென்றால் குற்றமில்லை. உண்பவரைக் கொலையோடு கட்டிப்போடும் கயிறு ‘உனக்காக’ என்பதுதான். இன்றைய நீதிமன்றங்கள் ‘குறிவைத்தல்’ என்று வைத்திருக்கும் சோதனையும் இதுவே, திசை மட்டும் மாறியிருக்கிறது: இந்தத் தளம் எங்கள் மக்களுக்காக வைக்கப்பட்டதா? வணிகச் சின்னம் தொடர்பான பனியன் ட்ரீ வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2009-ல் இதைத்தான் கேட்டது. சிங்கப்பூர் நிறுவனம் ஹைதராபாத்காரர்மேல் தில்லியில் வழக்குப் போட்டிருந்தது. தளம் தில்லியில் திறக்கிறது என்பது போதாது, தில்லிவாசிகளைக் குறிவைத்து அவர்களோடு வணிகம் செய்ய முனைந்ததைக் காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. இந்தச் சோதனை எவ்வளவு கூர்மையாக வெட்டும் என்பதற்குப் போலந்து நாட்டுத் தொலைக்காட்சியின் வழக்கு சான்று. வட, தென் அமெரிக்காவில் அதன் நிகழ்ச்சிகளைக் காட்டும் தனியுரிமையை ஸ்பான்ஸ்கி என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, 51 அத்தியாயங்களை அமெரிக்காவில் திறக்கும்படி அது தானே விட்டுவைத்திருந்தது. எங்கள் சர்வர் போலந்தில், நாங்கள் செய்ததெல்லாம் போலந்தில் என்று வாதாடியது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் அதைத் தள்ளி, 30 லட்சத்து 60 ஆயிரம் டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. காட்டியது அமெரிக்கத் திரையில், அதுவும் விற்றுவிட்ட உரிமையை அறிந்தே மீறி. இங்கே பழி பொருந்துகிறது.

ஆனால் நீலகேசி குறுக்கே நிற்கிறாள். தன் பெயர் கொண்ட சமணக் காப்பியத்தில் அவள் பௌத்தர்களோடு நிகழ்த்தும் வாதங்களில் புலால் பற்றிய பகுதி மிகக் கடுமையானது. நாங்கள் கொல்லவில்லை, எங்களுக்காகவும் கொல்லவில்லை, விற்றதை வாங்கினோம் என்பது பௌத்தர் வாதம். வாங்குவோர் இருப்பதால்தானே கொல்வோர் இருக்கிறார்கள் என்பது அவள் பதில். உண்போர் இல்லையென்றால் விற்போர் இல்லை என்று புலால் மறுத்தலில் வள்ளுவரும் சொல்லும் அதே காரண காரியம். நம் வழக்குக்கு இதைக் கொண்டுவந்தால் பலமான எதிர்வாதம் கிடைக்கிறது. கசாப்புக்காரர் பெயர் சொல்லி ஒருவருக்காகக் கொல்வதில்லை. வருகிற எவருக்காகவும் கொல்கிறார். அதுபோல, உலகம் முழுவதற்கும் கடைவிரித்தவர், நான் யாரையும் குறிவைக்கவில்லை என்று சொல்லித் தப்பலாமா? எல்லாரையும் நோக்கிப் பேசியவர் ஜெர்மானியரையும் நோக்கித்தானே பேசினார்? கான்டின் வாதத்தை வைத்தே என்னை மடக்கலாம்.

இந்த எதிர்வாதத்தில் பாதி உண்மை. கடைக்குப் பொருந்துகிறது. ஒவ்வொரு நாட்டு வாசகரிடமிருந்தும் சந்தாவோ விளம்பரக் காசோ பெறுபவர், அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று அறிந்தவர். வருவாயை எண்ணத் தெரிந்தவருக்கு வாடிக்கையாளரின் ஊர் தெரியாமல் போகாது. அவர் எல்லாரையும் குறிவைத்தவர்தான். தானத்துக்கு அது பொருந்தவில்லை. கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் இடையில் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதபோது, அவரை அந்த நாட்டோடு கட்டுவதற்கு எஞ்சுவது மொழி ஒன்றே. பிராங்க்பர்ட் தீர்ப்பில் என்னால் ஏற்க முடியாத இடம் இதுதான். ஜெர்மன் என்பது ஜெர்மனியின் மொழி மட்டுமன்று. வியன்னாவிலும் சூரிச்சிலும் அதுதான் பேச்சு. தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தமிழில் ஒரு நூலை ஏற்றியவர் சென்னையை நோக்கியா, யாழ்ப்பாணத்தையா, சிங்கப்பூரையா, டொராண்டோவையா குறிவைத்தார்? மொழியைக் கொண்டு நாட்டைக் கண்டுபிடிக்கும் நீதிபதி, ஒரு மொழிக்கு ஒரு நாடு என்ற ஐரோப்பியப் பழக்கத்தைத் தன்னையறியாமல் சட்டமாக்குகிறார்.

பதிப்புரிமையில் எண்ணத்தைப் பார்ப்பதே இல்லையே, தெரியாமல் மீறினாலும் மீறல்தானே என்று சட்டம் படித்தவர் கேட்பார். உண்மைதான். ஆனால் அந்தக் கண்டிப்பு நியாயமாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நாட்டுக்குள் வாழ்பவர் அந்நாட்டுச் சட்டத்தை அறிந்திருக்கலாம், அதை இயற்றுவோரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கும் பெறலாம். அறிய வாய்ப்புள்ளதை அறியாதது அவர் குறை. 180 நாடுகளின் சட்டங்களையும், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் ஆசிரியரின் கால வரம்பையும் அறிந்திருக்க வேண்டும் என்று ஒரு தன்னார்வலரிடம் கேட்பது கண்டிப்பு ஆகாது. எல்லைக்கு அப்பால் பழி சுமத்தும்போதாவது நோக்கத்தைத் தேட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

இன்னும் கனமான எதிர்வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. நோக்கத்தை மட்டும் பார்த்தால் திருடருக்குக் கொண்டாட்டம் இல்லையா? யாருக்கும் தெரியாத தீவில் ஒரு நிறுவனம், பெயரில்லாத உரிமையாளர், மாதமொரு முகவரி. படம் வெளியான அன்றே உலகத்துக்குத் தருகிறோம், எந்த நாட்டையும் குறிவைக்கவில்லை என்பார்கள். கோடம்பாக்கத்துத் தயாரிப்பாளர் அந்தத் தீவுக்குப் போய் வழக்காட முடியுமா? முடியாது. கைக்கு எட்டும் நீதிமன்றம் அவருக்கு வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு வாதி வாழும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று சொல்வதன் நியாயமும் அதுதான். என் பிரிப்பு உதவுவது இங்கே. நிறுத்தும் வேலைக்கு எவருடைய எண்ணமும் தேவையில்லை, விளைவு போதும் என்றேன். சென்னை நீதிமன்றம் தன் எல்லைக்குள் இணைய இணைப்புத் தரும் நிறுவனங்களைப் பார்த்து, இந்தப் படத்தை எம் மக்களுக்குக் கடத்தாதே என்று சொல்லலாம். இதில் எவர்மேலும் பழியில்லை. வாசலை அடைக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு எப்போதும் உண்டு. ஆனால் தன் வாசலை மட்டும், அதிலும் தேவையான அளவுக்கு மட்டும். 2012-ல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தடையாணையைக் காட்டி விமியோ உள்ளிட்ட முழுத் தளங்களையே இணைப்பு நிறுவனங்கள் முடக்கின. பிறகு அதே நீதிமன்றம், திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் முடக்கினால் போதும் என்று தெளிவுபடுத்த வேண்டி வந்தது. வாசலை விரித்துக்கொண்டே போகும் ஆசை நீதிமன்றங்களுக்கும் உண்டு. கனடா உச்ச நீதிமன்றம் 2017-ல், ஈக்வஸ்டெக் என்ற நிறுவனத்தின் வழக்கில், தேடல் முடிவுகளை உலகம் முழுவதும் நீக்கும்படி கூகுளுக்கு உத்தரவிட்டது. அது வணிக ரகசியம் பற்றிய வழக்கு. தர்க்கம் இங்கும் அதேதான். அதே ஆண்டில் கலிபோர்னிய நீதிமன்றம் ஒன்று, அமெரிக்காவில் இந்த உத்தரவு செல்லாது என்று இடைக்காலத் தடை விதித்தது. பிறர் வீட்டு வாசலை அடைக்கப் போனால் இதுதான் நடக்கும்.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் பிராங்க்பர்ட் தீர்ப்பு பாதி தேறுகிறது. ஜெர்மானியருக்கு அந்த 18 நூல்களைத் தராதே என்றது தன் வாசலை அடைத்ததுதான்; உலகத்திலிருந்தே எடுத்துவிடு என்று அது கேட்கவில்லை. ஐம்பதாயிரம் நூல்களும் அடைபட்டது நூலகம் தானே எடுத்த முடிவு. ஆனால் அந்தக் கட்டளைக்கு வழிகாண, அமெரிக்கச் சட்டத்துக்குள் நடந்துகொண்ட தொண்டர்களை உரிமை மீறியவர்கள் என்று மொழியைச் சாட்சியாக வைத்து அறுதியிட்டது தேவையற்றது. தடுப்பதற்குப் பழி தேவை என்று சட்டம் வைத்திருப்பதால் நேர்ந்த கோணல் இது. நீதிபதிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்த வழக்கு இந்தப் பிரிப்பை இன்னும் கடுமையாகச் சோதிக்கும். ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் ஓப்பன்ஏஐ மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், தன் செய்திகளைச் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தியது உரிமை மீறல் என்கிறது. பயிற்சி நடந்ததும் சர்வர்கள் இருப்பதும் இந்தியாவுக்கு வெளியே. அப்படியிருக்க விசாரிக்கும் அதிகாரம் உண்டா என்பது நீதிமன்றம் வகுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. பயிற்சி எவரையும் நோக்கிய பேச்சே அன்று. அங்கே கேட்பவர் இல்லை, கண் இல்லை, திறந்து பார்க்கப் பக்கமும் இல்லை. ஐரோப்பிய விதியும் தில்லி விதியும் இரண்டுமே பிடி கிடைக்காமல் நிற்கும் இடம் அது. ஆனால் அந்தப் பயிற்சியின் பலன் இந்தியரிடம் சந்தா வாங்கிக்கொண்டு இந்தியருக்கே பதில் சொல்கிறது. அந்த அளவுக்கு அது கடைதான், தானம் அன்று. ஆகவே பதில்களைப் பற்றி விசாரிக்கத் தில்லிக்கு அதிகாரம் உண்டு என்பேன், இழப்பீடு உட்பட. அயல் மண்ணில் நடந்த பயிற்சியையே தவறு என்று அறிவிப்பதற்கு, அது இந்திய மக்களோடு எந்த உறவில் நுழைந்தது என்பதை ஏ.என்.ஐ. முதலில் காட்ட வேண்டியிருக்கும்.